வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே ஒரு குழாய்

1660ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20ஆம் தேதி, லண்டன் கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துவந்த ஸாமுவேல் பெப்பிஸ் என்ற கனவான் தம் வீட்டு நிலவறைக்குள் ஏதோ காரியமாக இறங்கியபோது, காலை வைத்த இடத்தில் பெரியதொரு மலக்குவியல் கிடக்க, அதிலேயே கால் பதியக் கண்டு, அடுத்த வீட்டு டர்னர் என்பவருடைய மலக்குழி நிரம்பித் தம் நிலவறைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தச் சங்கடத்தை ஒளிவு மறைவில்லாமல் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கொள்ளைநோயைப் பற்றியும், 1666இல் நகரைச் சுட்டெரித்த மகா அக்கினியைப் பற்றியும் அவர் எழுதிய பக்கங்களையே சரித்திர ஆசிரியர்கள் எடுத்தாள்வது வழக்கம். எனக்கென்னவோ அந்த நிலவறைச் சங்கதிதான் ஒரு பட்டணத்தின் அந்தரங்கத்தை அதிகமாக வெளியிடுவதாகப் படுகிறது. வீட்டுக் கழிவு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அந்நாளைய லண்டன் வைத்திருந்த விடை, அது பெரும்பாலும் எங்கும் போவதில்லை, போனால் பக்கத்து வீட்டுக்குப் போகிறது என்பதே.

லண்டன் நகரத்துச் சாக்கடைகளின் சரித்திரம் பல முறை எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அவற்றையெல்லாம் வாசிக்கும்போது, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய செங்கல் சுரங்கங்களும், அவற்றைச் சமைத்த மகா சிற்பிகளும், திறப்பு விழாவுக்கு வந்த இளவரசர்களுமே கண்ணுக்கு முன் நிற்பார்களேயன்றி, வீட்டின் கழிப்பறையிலிருந்தும் அடுக்களைத் தொட்டியிலிருந்தும் புறப்பட்டு, முற்றத்தின் அடியில் முப்பது நாற்பது அடி ஊர்ந்து வீதிச் சாக்கடையில் கலக்கும் அந்த நாலங்குல ஆறங்குலக் குழாயை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியாது. விடியற்காலையில் கழிப்பறைப் பீங்கானில் தண்ணீர் இறங்காமல் மெல்ல மெல்ல மேலேறி வருவதைக் கண்டு கைபிசைந்து நின்ற குடித்தனக்காரன் எவனுக்கும் தன் துன்பம் அந்தச் சிறு குழாயிலேதான் இருக்கிறது என்பது தெரியும். அந்தக் குழாய்க்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெரிய சாக்கடையின் சரித்திரத்தைக் காட்டிலும் அதில் சண்டையும் விநோதமும் அதிகம்.

முதலில் குழாயே இல்லை. 1815ஆம் ஆண்டு வரையில் லண்டனில் வீட்டு மலத்தை வீதிச் சாக்கடைக்குள் விடுவது குற்றம். அந்தச் சாக்கடைகள் மழைநீருக்கென்றே ஏற்பட்டவை. வீட்டுக்கு வீடு நிலவறையின் அடியிலோ பின்கட்டிலோ ஒரு மலக்குழி இருக்கும். செங்கல் இடுக்குகளின் வழியே நீர் மண்ணில் சுவறிப்போக, மிஞ்சுவதை இரவில் வரும் ஆட்கள் வாளியிலும் தொட்டியிலும் அள்ளி வண்டியேற்றி, ஊருக்கு வெளியே உள்ள கழனிகளுக்கு எருவாக விற்றார்கள். கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் குழி நிரம்பி வழியும் வரையில் காத்திருந்தார்கள். இந்த ஏற்பாடு எவ்வளவு அருவருப்பானதாயினும், கழிவு கெட்டியாக இருந்தவரையில் ஒருவாறு நடந்துகொண்டிருந்தது. அதைக் குலைத்தது சுத்தத்தில் மனிதனுக்கு உண்டான ஆசையேயாகும். பாண்டு வீதியில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் தண்ணீரால் கழுவித் தள்ளும் கழிப்பறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பீங்கானுக்குக் கீழே குழாயைப் பாம்புபோல் வளைத்து, அந்த வளைவில் எப்போதும் சிறிது தண்ணீர் தேங்கி நின்று கீழேயுள்ள துர்நாற்றத்தை மறிக்கும்படி அவர் செய்த யுக்தியே இன்றைக்கும் நம் கைகழுவும் தொட்டியின் அடியில் இருப்பது. மூன்றாண்டு கழித்து ஜோஸப் பிராமா என்பவர் அதைத் திருத்தி, விற்பனைக்கும் கொண்டுவந்தார். பிரபுக்களின் மாளிகைகளிலும், பிறகு வர்த்தகர்களின் வீடுகளிலும் இந்த நூதன சாதனம் இடம்பெற்றதும், மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்த குழிகள் வெகு விரைவில் நிரம்பலாயின. மலத்தைக் கண் மறைவாக்கிய தண்ணீர் அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

ஆகவே 1815இல் தடை நீங்கியது. வீட்டுக் குழியைச் சாக்கடையோடு இணைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அன்று அமைந்த வீட்டு ஜலதாரைகள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரே ஒரு திருஷ்டாந்தம் போதும், அதுவும் உலகப் பிரசித்தி பெற்றது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ஸோஹோ பேட்டையின் பிராடு வீதியில் காலரா வெடித்து 616 உயிர்களைக் கொண்டுபோனதையும், டாக்டர் ஜான் ஸ்நோ அந்த வீதியின் நீரேற்றுக் குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மறுவருஷம் அந்த வீதியின் 40ஆம் எண் வீட்டின் முன்பக்கத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். வீட்டின் ஜலதாரை தட்டையான அடித்தளமும் நேர் நிமிர்ந்த செங்கல் சுவர்களும் உடையதாயிருந்தது. வழியில் நாற்றத்தைத் தடுப்பதற்கென்று அமைத்த மலக்குழியானது, தப்பும் தவறுமாகக் கட்டப்பட்டதால், ஓட்டத்தை விடுவதற்குப் பதிலாக அடைத்துக்கொண்டு நின்றது. சாந்து உளுத்துச் செங்கல்கள் கையோடு பெயர்ந்து வந்தன. தேங்கியதெல்லாம் 3 அடிக்கும் குறைவான தூரத்தில் இருந்த கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நோய் கண்டு இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தாள். ஸ்நோவின் கீர்த்தி பரவிய அளவுக்கு இந்த விவரம் பரவவில்லை. அடைபட்ட ஒரு வீட்டுச் சாக்கடைதான் அத்தனை சாவுக்கும் வாய்க்காலாக இருந்தது என்பதை நினைத்தால், குழாயடைப்பை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட மனம் துணிவதில்லை.

தட்டையான அடித்தளத்தில் என்ன கேடு என்று கேட்கலாம். ஜலதாரையில் நாள் முழுவதும் வெள்ளம் பாய்வதில்லை. பாத்திரம் கழுவிய நீரும் முகம் கழுவிய நீரும் விட்டுவிட்டுச் சொற்பமாகவே வருகின்றன. அந்தச் சொற்ப நீர் ஓரடி அகலத் தளத்தில் பரவினால் விரற்கடை ஆழங்கூட நிற்காது. ஆழமில்லாத நீருக்கு வேகமில்லை. வேகமில்லாத நீர் தான் சுமந்து வந்ததை வழியிலேயே இறக்கிவிட்டுப் போகும். ஹோல்பர்ன், பின்ஸ்பரி வட்டாரங்களின் சாக்கடைகளை மேற்பார்வையிட்டுவந்த ஜான் ரோ என்ற அதிகாரி, இதை ஏட்டில் படித்தறியாமல் கண்ணால் பார்த்தறிந்து, முட்டையைக் கூரிய முனை கீழாக நிறுத்தினாற்போன்ற குறுக்குவெட்டில் சாக்கடைகளைக் கட்டுவித்தார். நீர் குறைந்த வேளையிலும் அது அடியிலுள்ள குறுகிய பள்ளத்தில் ஒடுங்கி ஆழமும் வேகமும் பெற்று, தன் வழியைத் தானே அலசிக்கொண்டு போயிற்று. ஏழைகளின் சுகாதார நிலை பற்றி 1842இல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டு நாட்டையே உலுக்கிய எட்வின் சாட்விக், ரோவின் அநுபவத்தைப் பற்றிக்கொண்டு, அதை ஒரு சித்தாந்தமாகவே வளர்த்தார்: குழாய் சிறிதாக இருக்கட்டும், வழுவழுப்பாக இருக்கட்டும், சரிவாக இருக்கட்டும், போதுமான தண்ணீர் பாயட்டும், அப்படியானால் அதைச் சுத்தம் செய்ய ஆளே வேண்டாம்.

சித்தாந்தத்துக்கு ஏற்ற குழாயும் அப்போது கிடைத்தது. 1846இல் ஹென்றி டூல்டன் என்பவர் லாம்பெத்தில், தேம்ஸ் நதிக்கரையில், மெருகேற்றிய சுடுமண் குழாய்களுக்கென்றே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். சூளை உச்ச வெப்பத்தில் இருக்கும்போது உப்பை அள்ளி உள்ளே எறிவார்கள். அது ஆவியாகி, செந்தணலாயிருக்கும் களிமண்ணின் மேல் படிந்து, கண்ணாடிபோன்ற தோலாக இறுகிவிடும். உட்புறம் கையை விட்டுத் தடவினால் எங்கும் சொரசொரப்புத் தட்டாது. செங்கல் ஜலதாரைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆயிற்று. சாட்விக்கின் கட்சியார் ஊர் ஊராக இந்தக் குழாய்களைப் பதிக்கத் தொடங்கினார்கள்.

உடனே எஞ்சினீயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். செங்கல் கட்சியார், பட்டணத்துச் சாக்கடையில் மனிதன் இறங்கிப் பார்க்க முடியவேண்டும், இத்தனை ஒடுங்கிய குழாய் இன்றில்லாவிட்டால் நாளை அடைத்துக்கொள்ளும் என்றார்கள். குழாய்க் கட்சியார், இறங்கிப் பார்க்கும்படி கட்டுவதே உள்ளே அழுக்கு நிற்கும் என்று ஒப்புக்கொள்வதாகும் என்று பதிலடி கொடுத்தார்கள். வாதம் இப்படி இருக்கையில், 1852ஆம் ஆண்டு கிராய்டன் என்ற ஊரில், புதிய முறைப்படி குழாய்கள் பதித்த கையோடு விஷஜுரம் பரவியது. நீல் ஆர்நாட் என்ற வைத்தியரும் தாமஸ் பேஜ் என்ற எஞ்சினீயரும் போய் விசாரித்தார்கள். மெல்லிய குழாய்கள் மண்ணின் பாரத்தில் நொறுங்கியிருந்தன. பல இடங்களில் அடைப்பு விழுந்திருந்தது. செங்கல் கட்சியாருக்குக் கொண்டாட்டம். சாட்விக்குக்கு அறிவு இருந்த அளவுக்குப் பொறுமை இல்லை. மாற்று அபிப்பிராயம் சொன்னவர்களை மடையர் என்றோ கையூட்டு வாங்குகிறவர் என்றோ கருதும் சுபாவமுள்ள அவர், 1854இல் பதவியிழந்தார். ஆனால் அவருடைய சித்தாந்தம் தோற்கவில்லை என்பதே விசேஷம். வீதிக்குப் பெரிய செங்கல் சாக்கடை, வீட்டுக்குச் சிறிய சுடுமண் குழாய் என்று காலம் அந்த வழக்கைச் சமரசத்தில் முடித்துவைத்தது. அவர் கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. தண்ணீரும் மலமும் மட்டுமே குழாய்க்குள் வரும் என்று அவர் எண்ணினார். வீட்டில் வேலைக்காரியும் குழந்தையும் இருக்கிறார்கள், அடுக்களையில் கந்தலும் எலும்பும் தேய்ப்பு நாரும் கிடக்கின்றன, கைக்கு எட்டிய துவாரத்தில் எதையும் போட்டுவிடுவது மனித சுபாவம் என்பது அந்தச் சீர்திருத்தக்காரருக்குத் தோன்றவில்லை.

இதற்குள் வீட்டுக் குழிகளை ஒழித்துவிடும்படி உத்தரவாகி, ஏறக்குறைய ஆறு வருஷத்தில் 30,000 மலக்குழிகள் தூர்க்கப்பட்டன. அவற்றில் தங்கியதெல்லாம் நேரே தேம்ஸ் நதியில் போய் விழுந்தது. அதன் பலனாக 1858 கோடையில் எழுந்த மகா துர்நாற்றமும், பாராளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்ட வேடிக்கையும், அதையடுத்து ஜோஸப் பாஸல்ஜெட் 82 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாக்கடைகளைக் கட்டி, அழுக்கை நகருக்குக் கிழக்கே கொண்டுபோன சாமர்த்தியமும் எல்லோரும் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மைலுக்கு 2 அடி என்ற அற்பச் சரிவில் அத்தனை கழிவையும் தேங்காமல் ஓடச்செய்த அந்த மனிதரின் கணக்கைப் பார்க்கும்போது கைகூப்பத் தோன்றும். ஆனால் அந்தப் பெருஞ்சாக்கடை எதுவும் எந்த வீட்டு முற்றத்துக்குள்ளும் வரவில்லை. முற்றத்துக்கு அடியிலிருந்த குழாயைக் கொத்தனார் ஒருவர் போட்டார். எப்படிப் போட்டார் என்று மேலே மண்ணைத் தள்ளிய பிறகு பார்த்தவர் இல்லை.

பார்க்கும்படியாக ஒரு சந்தர்ப்பம் 1871இல் வாய்த்தது. பட்டத்து இளவரசர், பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு என்று முடிசூடியவர், ஸ்கார்பரோவில் லாண்டஸ்பரோ பிரபுவின் மாளிகையில் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்ததும் டைபாய்டு ஜுரத்தில் விழுந்தார். அதே மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்பீல்டு பிரபு இறந்தார்; இளவரசரின் குதிரைக்காரர் பிளெக் என்பவரும் இறந்தார். இளவரசர் பல வாரம் ஊசலாடிப் பிழைத்தார். மாளிகையின் சாக்கடை மேல் சந்தேகம் விழுந்ததும், அதுவரையில் ஏழையின் குடிசையில் மட்டுமே நோய் பரப்பும் துர்வாயு உண்டென்று நம்பியிருந்த சீமான்கள், தங்கள் தங்கள் படுக்கையறைக்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று நடுங்கத் தொடங்கினார்கள். லீட்ஸ் நகரத்து ரணவைத்தியர் பிரிட்ஜின் டீல் என்பவர் 1870களின் இறுதியில், பக்கத்துக்குப் பக்கம் படம் வரைந்து, வீட்டு ஜலதாரைகளில் அவர் கண்ட கோளாறுகளை ஒரு புத்தகமாக வெளியிட்டார். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் சிரிப்பும் திகிலும் ஒருங்கே வரும்: மேடு நோக்கிச் செல்லும் ஜலதாரை, இணைப்பு இல்லாமல் தரைக்கடியில் அப்படியே முடிந்துபோன குழாய், எலிகள் குடைந்த வழி, குடிநீர்த் தொட்டியின் வழிவு நீரை நேரே சாக்கடையில் கொண்டுபோய் விட்ட குழாய்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைக் கண்டுபிடிக்க அந்நாளில் கையாண்ட பரீக்ஷை ஒன்றை வாசகர்கள் அறிந்துகொள்வது சுவாரஸ்யமாயிருக்கும். கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒருவன் ஒரு சீசா பெப்பர்மின்ட் தைலத்தோடு கூரைமேல் ஏறுவான். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் தைலத்தை விட்டு, பின்னாலேயே ஒரு வாளி வெந்நீரையும் ஊற்றி, துணியால் வாயை அடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். கீழே இன்னொருவர் அறை அறையாக மூக்கை நீட்டிக்கொண்டு நடப்பார். படுக்கையறை மூலையில் பெப்பர்மின்ட் மணத்தால், அந்த மூலையில் சாக்கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். தைலம் ஊற்றியவன் பரீக்ஷை முடியும் வரையில் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அவன் உடம்பெல்லாம் மணக்குமாதலால் காரியமே கெட்டுப்போகும்.

இந்த வாயுப் பயத்தின் உச்சியில் பிறந்ததுதான் இன்டர்செப்டிங் ட்ராப் என்ற சாதனம். கம்மிங் பீங்கானுக்குக் கீழே வைத்த அதே நீர் வளைவை, வீட்டுக் குழாய் முழுவதற்கும் காவலாக, எல்லைச் சுவருக்கு உட்புறத்தில் ஒரு தொட்டி கட்டி அதில் வைத்தார்கள். கிளாஸ்கோவின் பியூகன் முதலிய பல கம்மியர்கள் தம் தம் பெயரில் இதை வார்த்து விற்றார்கள், நகரசபைகள் விதியாக்கின. நோக்கம் உயர்ந்ததுதான்: வீதிச் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனால் சரிவாக ஓடிவந்த குழாயின் கடைவாயில் ஒரு பள்ளத்தைத் தோண்டி, அதில் நிரந்தரமாகத் தண்ணீரைத் தேக்கிவிட்டு, வருகிறதெல்லாம் அதில் முங்கி மறுபுறம் ஏறிப் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்தால் என்ன நடக்கும் என்பதைச் சாட்விக் உயிரோடிருந்து கவனித்திருந்தால் சொல்லியிருப்பார் என்று எழுத வந்தேன். அவர் 1890 வரையில் உயிரோடுதான் இருந்தார், ஆனால் அவரைக் கேட்பார் இல்லை. போதாக்குறைக்கு, தண்ணீர்க் கம்பெனிகளின் சிக்கனம் ஒன்று குறுக்கிட்டது. லண்டனில் கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்கு 2 காலனுக்கு மேல் விடக்கூடாது என்பது அந்நாளைய விதி. பீங்கானைக் கழுவ அது போதும். நாற்பதடி தள்ளியிருக்கும் பள்ளத்தில் தங்கியதை ஏற்றித் தள்ள அது போதாது. ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் என்ற பிளம்பர், தம் தொழிலாளிகளுக்குப் பிரசங்கங்கள் செய்தும் புத்தகங்கள் எழுதியும் பெயர் பெற்றவர், 3 காலன் வேண்டும் என்று வாதாடினார்.

அந்தத் தொட்டிக்குள் நடந்த கூத்தை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். ட்ராப்பின் வளைவுக்கு மேலே, அடைப்பு நேர்ந்தால் மூங்கில் பிரம்பை வீதிச் சாக்கடை வரையில் செலுத்திக் குத்துவதற்காக, ஒரு நேர்க்குழாய் வைத்து, அதன் வாயை ஒரு மூடியால் இறுக்கியிருப்பார்கள். மழைக்காலத்தில் வீதிச் சாக்கடை நிரம்பி உட்காற்று அழுத்தும்போது, அந்த மூடி தெறித்துக் கழன்று, கீழே இருக்கும் ட்ராப்பின் வாயிலேயே பொத்தென்று விழுந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வீட்டுக் கழிவு தொட்டியில் மெல்ல உயர்ந்து, மூடி போன நேர்க்குழாயின் மட்டத்துக்கு வந்ததும் அதன் வழியாகவே வீதிக்கு வழிந்தோடும். வீட்டில் தண்ணீர் இறங்குகிறது. ஆகையால் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். தொட்டியிலோ மாதக்கணக்கில் மலம் தேங்கி அழுகிக்கொண்டிருக்கும். எந்த வாயுவைத் தடுப்பதற்கு இத்தனையும் செய்தார்களோ அந்த வாயு, திறந்த குழாய் வழியே தாராளமாக வீட்டுக் குழாய்க்குள் போய்வரும். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டதுபோல் ஆயிற்று.

அந்த வாயுதான் அப்படி என்ன செய்தது? 1887இல் கார்னெலி, ஹால்டேன் என்ற இரு விஞ்ஞானிகள் பாராளுமன்றக் கட்டடத்தின் அடியிலும் டண்டி நகரிலும் சாக்கடைகளுக்குள் காற்றைப் பிடித்துச் சோதித்து, கரியமில வாயு வெளிக்காற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு இருக்கிறது, கிருமிகளோ வெளிக்காற்றில் இருப்பதைவிடக் குறைவு என்று வெளியிட்டார்கள். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்ட கிருமி காற்றில் எழும்புவது அரிது என்பது காரணம். டைபாய்டு தண்ணீராலும் உணவாலும் பரவுகிறதேயன்றி நாற்றத்தால் அன்று என்பது மெல்ல மெல்ல ஊர்ஜிதமாயிற்று. கடைசியில் 1912ஆம் ஆண்டு, இந்த ட்ராப்பைப் பற்றி விசாரிப்பதற்கென்றே அமைந்த அரசாங்கக் கமிட்டி, இதைக் கட்டாயமாக்குவது தகாது என்று அறிக்கை கொடுத்தது. முப்பது நாற்பது வருஷ காலம் நல்லெண்ணத்தோடு பதித்த லட்சோப லட்சம் ட்ராப்புகள் அப்படியே மண்ணுக்குள் தங்கிவிட்டன. இன்றைக்கும் லண்டனின் பழைய வீடுகளில் சாக்கடை திறந்து பார்ப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே, ஆரவாரமில்லாமல், பிளம்பர்களும் எஞ்சினீயர்களும் அநுபவத்தில் கண்ட சில நியாயங்கள் நிலைத்துவிட்டன. குழாயை நேர்கோட்டில் போடவேண்டும்; திரும்பும் இடத்திலெல்லாம் ஒரு சேம்பர் கட்டவேண்டும் என்பது ராபர்ட் ராலின்ஸன் வற்புறுத்தியது. ஒரு சேம்பரில் விளக்கைப் பிடித்து அடுத்ததில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால், குழாயின் வட்டம் முழுமையாகத் தெரியவேண்டும். சந்திரகலைபோல் குறைந்து தெரிந்தால், நடுவில் எங்கோ குழாய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். சரிவைப் பற்றி டப்ளின் நகரத்து மாகையர் பெயரால் வழங்கும் விதி, கொத்தனாரும் மனப்பாடம் செய்யக்கூடியது: 4 அங்குலக் குழாய்க்கு 40இல் 1, 6 அங்குலத்துக்கு 60இல் 1, 9 அங்குலத்துக்கு 90இல் 1. இந்தச் சரிவில் நீர் கனத்த பொருளை உருட்டிச் செல்லும் வேகம் பெறும். பெரிய குழாயாகப் போட்டால் அடைக்காது என்று வீட்டுக்காரர்கள் நினைப்பது, பழைய தட்டைத்தள ஜலதாரையின் பிழையை மறுபடியும் செய்வதேயாகும். இன்னொரு எதிரி மரம். அந்நாளைய சுடுமண் குழாய் ஒன்றின் நீளம் 2 அடி. ஆக, நாற்பதடிக்கு இருபது மூட்டு. முற்காலத்தில் அந்த மூட்டுகளை ஈரக் களிமண்ணாலேயே பூசினார்கள். மயிரிழையளவு ஈரம் கசிந்தாலும் வேர் அதை முகர்ந்து வந்து உள்ளே நுழைந்து, குஞ்சமாய் விரிந்து, ஓடுகிற கந்தலையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பட்டணத்துக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது, இந்த நியாயங்களும் ஆங்கிலேய எஞ்சினீயர்களோடு வந்தன. நம் கொத்தனார்கள் இன்று சேம்பர் என்றும் கல்லி ட்ராப் என்றும் சொல்லிக்கொண்டு கட்டுவதெல்லாம் அந்த வழியில் வந்தவையே. வழக்கத்தில் ஒரு பெரிய பேதம் மட்டும் இங்கே ஏற்பட்டது. 1851இல் ஹென்றி மேஹ்யூ வர்ணித்த லண்டன் சாக்கடைத் தொழிலாளி, தொடைவரை உயர்ந்த தோல் பூட்ஸ் அணிந்து, அணையைத் திறந்து வெள்ளத்தைவிட்டுக் கசட்டைத் தள்ளினான். அவன் ஏழைதான், ஆனால் அது கூலிக்குச் செய்யும் வேலை, பிறப்பால் விதித்த வேலை அன்று. இங்கே அடைப்பு என்றதும், ஒரு குறிப்பிட்ட ஜாதியாரைக் கூப்பிட்டு, இடுப்பில் துணியோடு குழிக்குள் இறக்குவது நெடுங்கால வழக்கமாயிற்று. 1993இலும் 2013இலும் சட்டங்கள் இதைத் தடுத்தன. 2014இல் உச்சநீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றும், 2023இல் 30 லட்சம் என்றும் விதித்தது. விஷவாயு தாக்கி ஆள் இறந்தான் என்ற செய்தி இன்னும் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்களைத் தொட்டியில் ஒரு வீட்டார் போடும் சோற்றுப் பருக்கைக்கும் இந்தச் செய்திக்கும் நடுவே இருப்பது சில கஜ தூரக் குழாய்தான்.

அடுக்களை என்றதும் கொழுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விக்டோரியா காலத்து மாளிகைகளில், மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் தினம் வெந்த அடுக்களைகளுக்கு வெளியே, கொழுப்பைத் தேக்கிப் பிடிக்கத் தனித் தொட்டி இருந்தது. மேலே உறைந்து மிதப்பதை வாரந்தோறும் வழித்தெடுக்க ஆள் இருந்தான். நடுத்தர வீடுகளில் தொட்டியும் இல்லை, ஆளும் இல்லை. வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றினால் எல்லாம் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. கரைந்தது உண்மைதான். அது தொட்டியை விட்டு இறங்கி, பத்தடி தாண்டி, குளிர்ந்த மண்ணுக்கடியில் வெந்நீரின் சூடு ஆறியதும், அங்கே குழாயின் மேற்பாதியில் வெள்ளைத் தோலாகப் படிந்துகொண்டது. சூடாக ஊற்றிய எண்ணெயும் நெய்யும் இன்றைக்கும் அப்படித்தான் போகின்றன. கொழுப்பு சிதைந்து அமிலமாகி, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு கூடும்போது, கொழகொழப்பு நீங்கிச் சோப்பைப்போல் இறுகிவிடுகிறது. பிறகு வெந்நீர் அதை அசைக்காது. கடப்பாரைதான் அசைக்கும்.

2017ஆம் ஆண்டு லண்டன் ஒயிட்சேப்பல் வட்டாரத்தில், விக்டோரியா காலத்துச் சாக்கடை ஒன்றில், 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையுமாக இப்படி இறுகிய கொழுப்புப் பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள் பொதிந்திருந்தவை, வீடுகளில் முகத்தையும் குழந்தையையும் துடைத்துவிட்டுக் கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்புத் தாள்கள். அதைத் தண்ணீர் பீய்ச்சி உடைத்து உறிஞ்சி எடுக்க ஏறக்குறைய ஒன்பது வாரம் பிடித்தது. அதன் ஒரு துண்டை அடுத்த ஆண்டு லண்டன் நகரத்துக் காட்சிச்சாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பெட்டிக்குள்ளேயே ஈக்கள் பொரித்தன. கிராய்டனில் சாட்விக்கின் குழாயை அடைத்த கந்தலுக்கும் இந்தத் தாளுக்கும், இது தண்ணீரில் கரையும் என்று சில கம்பெனிகள் அட்டையில் அச்சிட்டு விற்றதைத் தவிர, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக் குழாய் யாருடையது என்ற பழைய வழக்கு மட்டும் இவ்வளவுக்குப் பின்னும் நெடுங்காலம் தீராமல் கிடந்தது. வரிசை வீடுகள் நான்கைந்து சேர்ந்து பின்கட்டில் ஒரே குழாயைப் பங்கிட்டுக்கொள்ளும் இடங்களில், மேட்டு வீட்டார் அடைத்ததைப் பள்ளத்து வீட்டார் செலவுசெய்து எடுக்க வேண்டியிருந்தது. பெப்பிஸின் அண்டைவீட்டுத் தகராறு நீதிமன்றங்களில் வெவ்வேறு பெயர்களில் நடந்துகொண்டிருந்தது. 2011ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து இங்கிலாந்தில், பல வீடுகள் பங்கிட்டுக்கொண்ட குழாய்களும், வீட்டெல்லைக்கு அப்பால் வீதி வரையில் செல்லும் பகுதியும், தண்ணீர்க் கம்பெனிகளின் பொறுப்பாக மாற்றப்பட்டன. எல்லைக்கு உட்பட்டு, ஒரு வீட்டுக்கு மட்டும் உபயோகப்படும் பகுதியை அவர்கள் ஏற்கவில்லை. அது இன்னமும் வீட்டுக்காரருடையதே.